மைதா, டால்டா, டைல்ஸ்... அப்புறம் பதினோரு ஜோடி ஷூ

பேக்கரிக்குள்ள நுழைஞ்சா நம்ம கண்ணு எங்க போகும்? கண்ணாடிப் பெட்டிக்குத்தான். தேங்காய் பன் இருக்கா, பப்ஸ் சூடா இருக்கா, ஹனி கேக்ல இன்னைக்காவது ஜாம் கொஞ்சம் தாராளமா தடவியிருக்காங்களா... அதோட சரி. பெட்டிக்குப் பின்னாடி நிக்கறவங்க காலை யாரும் பார்த்திருக்க மாட்டோம். பெட்டியே மறைச்சிரும். உள்ள ஓவன் பக்கம் நிக்கறவங்களைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

எனக்கு அந்த வாய்ப்பு கிடைச்சது. ஒரு வாரம் முழுக்க கால்களை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்தேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும். டீ ஒண்ணு சொல்லிட்டு உக்காருங்க மக்களே :-)

எங்க மாமா (அம்மாவோட தம்பி) கோயமுத்தூர் பக்கம் ஒரு பேக்கரி வெச்சிருக்கார். முன்னாடி கவுன்ட்டரும் டீயும், பின்னாடி ஓவன். மொத்தம் பதினோரு பேர். மாஸ்டர் ஒருத்தர், அவருக்குக் கை உதவியா நாலு பசங்க, பேக்கிங்ல மூணு அக்காங்க, கவுன்ட்டர்ல ரெண்டு பேர், டீ மாஸ்டர் ஒருத்தர். போன தீபாவளி ஆர்டர் நேரத்துல, கை உதவிக்கு இருக்கற ஒடிசாப் பையன் சூடான ட்ரேயோட வழுக்கி விழுந்துட்டான். ட்ரே ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். முழங்கையில தீக்காயம், இடுப்புல அடி. அந்த ட்ரே முகத்துப் பக்கம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு.

அவன் கால்ல இருந்தது ஹவாய் செருப்பு. அடிப்பக்கம் தேஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்த என்னைப் பார்த்து மாமா சொன்னார்: "மாப்ளே, நீதான் பொட்டி தட்டுறவன் ஆச்சே. கம்ப்யூட்டர்ல பார்த்து ஒரு டஜன் ஷூ ஆர்டர் போட்டுரு. எல்லாத்துக்கும் எட்டாம் நம்பரு. பெருசா இருந்தா துணி வெச்சுக்குவாங்க."

நம்ம ஆபீஸ்ல கிளையன்ட் ரெக்கொயர்மென்ட் சொல்ற மாதிரியே இருந்தது. ஒரு வாரம் டைம் கொடுங்க மாமான்னு வாங்கிக்கிட்டேன்.

முதல்ல தரை. பேக்கரித் தரையில ஏன் வழுக்குதுன்னு உக்காந்து யோசிச்சா, ஒரே காரணம் கிடையாது. காய்ஞ்ச மைதா டைல்ஸ் மேல சிந்தினா சின்னச் சின்ன உருளை மாதிரி வேலை செய்யும். அதுலயே தண்ணி பட்டா பசை. டால்டா, மார்ஜரின், எண்ணெய் எல்லாம் செருப்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மெல்லிய படலமாப் படிஞ்சிரும். மழை ரோட்டுல பைக் டயர் தரையைத் தொடாம மிதக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான். முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரைப் பாகும் இருக்கற இடம்னா கேக்கவே வேண்டாம்.

அப்ப ஷூவோட அடிப்பாகத்துக்கு முக்கியமான வேலை, அந்தப் படலத்தை அமுக்கி வெளியே தள்றது. அதுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைய இருக்கணும், அதுங்களுக்கு நடுவுல இருக்கற வாய்க்கால் ஓரம் வரைக்கும் திறந்திருக்கணும். மலை ஏறுற ஷூ மாதிரி பெரிய பெரிய பல் இருந்தா நல்லா பிடிக்கும்னு தோணும். மண்ணுல பிடிக்கும். வழவழப்பான டைல்ஸ்ல அந்தப் பல் தொடற பரப்பு கம்மி, அதனால பிடிப்பும் கம்மி.

அடுத்தது, அடிப்பாகம் எதுல செஞ்சதுங்கறது. கடையில எல்லாமே "ரப்பர் சோல் சார்"தான். ஆனா உள்ள நாலஞ்சு சாதி இருக்கு. பி.வி.சி விலை கம்மி, நாளாக ஆக இறுகிப்போய் வழுக்க ஆரம்பிக்கும். ஈ.வி.ஏங்கறது இறகு மாதிரி லேசு, காலுக்கு மெத்துனு இருக்கும், ஆனா சூடு ஆகாது. ஈ.வி.ஏ செருப்பை நல்ல வெயில்ல கார்க்குள்ள போட்டு வெச்சா சுருங்கிப்போறதைப் பார்த்திருப்பீங்க. ஓவன் வாசல்ல அதுதான் தரையைத் தொடற பாகம்னா சரிவராது. பி.யூங்கற பாலியூரித்தேன் சொகுசா இருக்கும், எண்ணெயும் தாங்கும். அதுக்கு ஒரு வியாதி உண்டு. ஈரக்காத்துல வருசக்கணக்கா கிடந்தா தானாவே நொறுங்க ஆரம்பிச்சிரும். டப்பாவுல புத்தம் புதுசா இருக்கும், போட்டு பத்து நாள்ல அடிப்பாகம் பொரை பிஸ்கட் மாதிரி உதிரும். அதனால ஷூ வாங்கும்போது தயாரிச்ச தேதியைப் பாருங்க. நம்ம ஊர்ல பழைய ஸ்டாக் டிஸ்கவுண்ட்ல கிடைக்குதுன்னா கொஞ்சம் யோசிங்க.

எண்ணெய், சூடு ரெண்டையும் நல்லா தாங்கறது நைட்ரைல் ரப்பர். கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை. பேக்கரிக்கு அதுதான் சரின்னு முடிவு பண்ணினேன். உள்ள மெத்துனு ஈ.வி.ஏ, வெளியே தரையைத் தொடற பக்கம் நைட்ரைல்னு ரெண்டும் சேர்ந்த மாதிரியும் வருது. அது இன்னும் உத்தமம்.

ஷூவோட நாக்குலயோ உள்பக்கத்துலயோ சில எழுத்துகள் இருக்கும். அதைப் படிக்கக் கத்துக்கிட்டா சேல்ஸ்மேன் கதை சொல்ல முடியாது. ஐ.எஸ்.ஓ 20345ன்னு இருந்தா விரல் முனையில கவசம் வெச்ச பாதுகாப்பு ஷூ. 200 ஜூல் அடி தாங்கணும், அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விழற அளவு. ஐ.எஸ்.ஓ 20347ன்னா கவசம் இல்லாத, வேலைக்கான ஷூ. நம்ம இந்திய தரத்துல ரெண்டுமே ஐ.எஸ் 15298க்குள்ள வரும். பாதுகாப்பு ஷூ இரண்டாம் பகுதி, வேலை ஷூ நாலாம் பகுதி.

வழுக்கல் சோதனைக்குத் தனி எழுத்து. எஸ்.ஆர்.ஏன்னா சோப்புத் தண்ணி ஊத்தின டைல்ஸ்ல தேறினது, எஸ்.ஆர்.பின்னா கிளிசரின் ஊத்தின எஃகுத் தரையில தேறினது, எஸ்.ஆர்.சின்னா ரெண்டுலயும். 2021ல வந்த புது ஐ.எஸ்.ஓ பதிப்புல இந்த மூணையும் எடுத்துட்டாங்க. சோப்புத் தண்ணி டைல்ஸ் சோதனை பொதுவாயிடுச்சு, கூடவே கிளிசரின் ஊத்தின டைல்ஸ்லயும் தேறினா எஸ்.ஆர்னு போடுவாங்க. பேக்கரிக்கு இந்த கிளிசரின்தான் முக்கியம், டால்டாவுக்கு நெருங்கின சொந்தக்காரன் அதுதான். ஹெச்.ஆர்.ஓன்னு இருந்தா அடிப்பாகம் 300 டிகிரி சூட்டை ஒரு நிமிஷம் தொட்டாலும் தாங்கும். எஃப்.ஓன்னா எண்ணெய்க்குக் கரையாது.

கவசம் எல்லாருக்கும் வேணுமா? மூட்டை இறக்கறவங்களுக்கும் மாவு மெஷின் சட்டியைத் தூக்கறவங்களுக்கும் கட்டாயம் வேணும். 50 கிலோ மைதா மூட்டை விரல்ல விழுந்தா அவ்வளவுதான். நாள் முழுக்க நின்னு ரஸ்க் பாக்கெட் போடற அக்காவுக்கு அந்தக் கவசம் வெறும் சுமை. ஆக நாலு பசங்களுக்குக் கவசம் வெச்சது, மத்தவங்களுக்குக் கவசம் இல்லாதது.

லேஸ் வேண்டவே வேண்டாம்னு ஆரம்பத்துலயே முடிவு. லேஸ்ல மாவு அப்பிக்கும், அவிழ்ந்தா தடுக்கும். சூடான பாகு ஷூவுக்குள்ள போயிட்டா லேஸ் அவிழ்க்கற நேரத்துல கால் வெந்துரும். காலை நுழைச்சதும் மாட்டிக்கற மாதிரி, மேல ஓட்டை இல்லாம, குதிகால் மூடினதா இருக்கணும். இதுல இன்னொரு வசதியும் கிடைச்சது. மாஸ்டர் தினமும் காலையில ஓவனுக்குப் பொட்டு வெச்சு, சூடம் காட்டிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். "நெருப்புக்கு முன்னாடி செருப்போட நிக்கக் கூடாதுங்க தம்பி"ன்னார். சட்டுனு கழட்டி, கும்பிட்டுட்டு, சட்டுனு மாட்டிக்கலாம்னு சொன்னேன். ஒத்துக்கிட்டார்.

இனிமேதான் மெயின் மேட்டர். அளவு.

மாமாவோட "எல்லாத்துக்கும் எட்டாம் நம்பர்" திட்டத்தை நான் ஒத்துக்கலை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எல்லாரையும் பழைய தினத்தந்தி மேல நிக்க வெச்சு, பென்சிலால ரெண்டு காலையும் சுத்தி வரைஞ்சேன். சாயங்காலம் ஏன்னா, நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்கும். காலையில சரியா இருக்கற ஷூ சாயங்காலம் கடிக்கும். ரெண்டு காலும் ஒரே அளவும் இருக்காது. பெரிய காலுக்குத்தான் வாங்கணும், முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடணும்.

பதினோரு பேர் கால் படத்தையும் எக்செல்ல ஏத்தினப்ப ஒரு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சது. நீளம் ஏழு, அகலம் பார்த்தா ஒன்பது. முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். நம்ம சென்னை அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ, 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல ஆட்களோட காலை அளந்தாங்க. நம்ம கால் வெள்ளைக்காரங்க காலை விட அகலம்னு அதுல வந்தது. நாம போடறது அவங்க நம்பர். அகலம் பத்தலைன்னு நீளத்தைக் கூட்டி வாங்குவோம், அப்புறம் குதிகால் உள்ள லொடக்கு லொடக்குனு ஆடும். வழுக்காத ஷூவுக்குள்ளயே கால் வழுக்கும். கர்மம். இதுக்காகவே இந்தியர்களுக்குன்னு தனி அளவு முறை, "பா"ன்னு பேர் வெச்சு முன்வெச்சிருக்காங்க.

பேக்கிங் அக்காங்க கதை இன்னும் மோசம். போன நாலு கடையிலயும் வேலை ஷூ ஆறாம் நம்பர்லேர்ந்துதான் இருந்துச்சு. அவங்களுக்கு வேண்டியது மூணும் நாலும். "லேடீஸ் யாருங்க இதெல்லாம் வாங்கறா?"ன்னு கேட்டார் ஒரு கடைக்காரர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைலேர்ந்து ஊர் ஊரா, நாடு நாடா ஷூ போகுது. நம்ம ஊர்ல பத்து மணி நேரம் நிக்கற ஒரு அக்காவுக்கு மூணாம் நம்பர்ல வழுக்காத ஷூ தேட நான் ரெண்டு நாள் அலைஞ்சேன். கடைசியில ஆர்டர் கொடுத்து வரவெச்சோம்.

இதெல்லாம் கூட சுலபம். எனக்கு நிஜமாவே தூக்கம் கெட்டது மாஸ்டர் விஷயத்துலதான்.

மாஸ்டருக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். பதினஞ்சு வருசமா சுகர். கால் அளவு எடுக்கும்போது வலது பாதத்துக்கு மேல ஒரு கோடு மாதிரி தீத்தழும்பு. என்னண்ணா இதுன்னு கேட்டா, "எப்பனு தெரியலீங்க தம்பி. ராத்திரி குளிக்கறப்பத்தான் பார்த்தேன். ட்ரே ஓரம் பட்டிருக்கும்"ன்னார். சாதாரணமா சொன்னார். எனக்குத்தான் சில்லுனு ஆயிடுச்சு. இருநூறு டிகிரி ட்ரே கால்ல பட்டு, அது தெரியாம ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சிருக்கார். சுகர் நரம்பைத் தின்னுட்டா வலி வராது. வலி இல்லைன்னா காயம் தெரியாது, காயம் தெரியலைன்னா சீழ் பிடிக்கும், அப்புறம் விரல், அப்புறம் கால். நம்ம தெருவுலயே இப்படி ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க.

இவருக்கு ஷூ கட்டாயம் வேணும். ஆனா இவருக்கு ஷூவே வில்லனாவும் ஆகலாம். புது ஷூ கடிச்சா நமக்கு வலிக்கும், கழட்டிருவோம். அவருக்குத் தெரியாது. உள்ள ஒரு தையல் முடிச்சு உரசினாலும், காய்ஞ்ச மாவுக் கட்டி ஒண்ணு கிடந்தாலும் அது மேலயே நாள் முழுக்க நிப்பார். அதனால முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். ஒரு மெல்லிய நைலான் இழையை வெச்சுப் பாதத்துல பத்து இடத்துல தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. மாஸ்டர் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். நாலு இடத்துல "தொட்டுட்டாங்களா?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்வியை மாமா பக்கத்துல நின்னு கேட்டார். அதுக்கப்புறம் எட்டாம் நம்பர் பேச்சை எடுக்கவே இல்லை.

டாக்டர் சொன்னபடி மாஸ்டருக்கு உயரமும் அகலமும் கூடின, உள்பக்கம் தையல் உறுத்தாத ஷூ. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் ரெண்டு மணி நேரம்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடணும். மாட்டறதுக்கு முன்னாடி தலைகீழா தட்டி, உள்ள கைய விட்டுத் தடவிப் பார்க்கணும். ராத்திரி பாதத்தோட அடியைக் கண்ணாடியில பார்க்கணும். கண்ணாடி பிடிக்கற வேலை அவர் பேத்திக்கு. ரெண்டாங்கிளாஸ் படிக்குது. செக் பண்ணிட்டு நோட்டுல டிக் போடுதாம் :-)

அப்புறம் காசு. ஜோடி ஆயிரத்துச் சொச்சம் ஆச்சு, மாஸ்டரோடது அதுக்கும் மேல. மாமா மெதுவா ஆரம்பிச்சார். "மாசா மாசம் சம்பளத்துல நூறு நூறா பிடிச்சுக்கலாம்ல மாப்ளே? சும்மா கொடுத்தா மதிப்பு இருக்காது கண்ணு."

கல்லாப்பெட்டிக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கற உணவுப் பாதுகாப்பு லைசென்ஸைக் காட்டினேன். 2011ல வந்த அந்த லைசென்ஸ் விதிமுறையோட அட்டவணை 4ல, உணவைக் கையாள்றவங்களுக்குத் துணி, தலைக்கவசம், கையுறை, காலணி எல்லாம் தொழில் நடத்தறவர்தான் தரணும்னு இருக்கு. காலணிங்கற வார்த்தையே இருக்கு. நாம தொப்பியும் கையுறையும் ஃப்ரீயா கொடுக்கறோம், ஏன்னா அது கஸ்டமர் கண்ணுக்குத் தெரியும். ஷூ கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி மறைஞ்சு கிடக்கு. அதான் வித்தியாசம். காலுக்குச் சொந்தக்காரர் தேர்ந்தெடுக்கணும், கடைக்குச் சொந்தக்காரர் காசு கொடுக்கணும். ஒரு ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிப் பார்த்தா பதினோரு ஜோடி ஷூ சல்லிசுன்னு கணக்கும் போட்டுக் காட்டினேன். கணக்குன்னா மாமாவுக்குப் புரியும்.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும். ஷூ கொடுத்தாச்சு, கடமை முடிஞ்சதுன்னு நினைச்சா அது நாம கோடுல பக்கை அப்படியே விட்டுட்டு மேல ஒரு ட்ரை-கேட்ச் போட்டு மூடற கதைதான். பாதுகாப்புப் பாடத்துல ஆபத்தை எடுத்துப்போடறது முதல் படி, ஆளுக்குக் கவசம் மாட்டறது கடைசிப் படி. சிந்தினா உடனே துடைக்கணும். மாவை முதல்ல காய்ஞ்சபடியே கூட்டி அள்ளணும், தண்ணி ஊத்தினா பசை. டால்டா சிந்தின இடத்துக்கு வெந்நீரும் சோப்பும் வேணும். சோல் வாய்க்கால்ல மாவு அடைச்சுட்டா எஸ்.ஆரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, தினமும் பிரஷ் போடணும். நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கற பேக்கிங் மேசைக்குக் கீழ ரப்பர் மேட் போட்டோம்.

அப்புறம் உக்கார்றது. எவ்வளவு நல்ல ஷூவா இருந்தாலும் பத்து மணி நேரம் நின்னா நரம்பு சுருட்டிக்கும், குதிகால் வலிக்கும். துணிக்கடைப் பசங்க நின்னுக்கிட்டே இருக்கறதை 2010ல அங்காடித் தெரு படத்துல பார்த்துட்டு நாம எல்லாரும் உச்சுக் கொட்டினோம். கேரளாவுல 2018ல உக்கார்ற உரிமைக்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுலயும் 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும்னு கொண்டு வந்தாங்க. மாமா நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார். முதல் வாரம் ஒருத்தரும் உக்காரலை. மொதலாளி பார்த்தா தப்பா நினைப்பாரோன்னு பயம். கடைசியில மாமாவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவங்க பக்கத்துல உக்காந்து பேசினதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க.

மூணு மாசம் ஆச்சு. பதினோரு பேர்ல ஒன்பது பேர் தினமும் போடறாங்க. டீ மாஸ்டர் இன்னும் முரண்டு பிடிக்கிறார், "கால் மூச்சு விடலைங்க"ங்கறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கோயமுத்தூர் வெயில்ல, அடுப்பு பக்கத்துல, மூடின ஷூவுக்குள்ள கால் வேர்த்து ஊறும். ஊறினா சேத்துப்புண் வரும். மத்தியானம் சாக்ஸ் மாத்தணும். ஷூவும் காய ஒரு நாள் வேணும், அதனால ஆளுக்கு ரெண்டு ஜோடி வாங்கி மாத்தி மாத்திப் போட்டாத்தான் ரெண்டுமே நாள்பட உழைக்கும். கவுன்ட்டர்ல ஒரு பையனுக்கு ஸ்டைல் பிடிக்கலை. அவனுக்கு வேற டிசைன் பார்த்துக்கிட்டிருக்கேன்.

ஒடிசாப் பையன் காயம் ஆறி, திரும்ப ட்ரே தூக்க ஆரம்பிச்சுட்டான். போன வாரம் ஃபோன்ல பேசினப்ப, எண்ணெய் சிந்தின இடத்துல கால் வெச்சேன், நின்னுருச்சு பையான்னான்.

உங்க ஊர்ல மூணாம் நம்பர், நாலாம் நம்பர்ல பெண்களுக்கு நல்ல வேலை ஷூ எங்க கிடைக்குதுன்னு தெரிஞ்சா கண்டிப்பா சொல்லுங்க. ரெண்டாவது ஜோடிக்கு மாமாகிட்ட இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு. இப்போதைக்கு "பொங்கல் போனஸோட பார்க்கலாம் மாப்ளே"ங்கற கட்டத்துல நிக்குது. விடறதா இல்லை.